தை மாதக் குளிரில் ஒடியல் கூழ்: இரண்டு பானை முறை

பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழ் குளிருக்கென்றே செய்த சாப்பாடு என்றுதான் எனக்குத் தோன்றும். காரம், புளி, தொண்டையில் இறங்கும்போதே உடம்பைச் சூடாக்கும் தடித்த பதம், ஒரே பானைக்குள் நண்டு, இறால், கணவாய், மீன் தலை என்று பாதிக் கடல். ஆனால் அது பிறந்த யாழ்ப்பாணத்தில் குளிர் என்றால் மார்கழி தையில் விடியற்காலைப் பனி, அவ்வளவுதான். அது உண்மையில் தேவைப்படுகிற இடம் ரொறன்ரோ மாதிரி ஊர், வெளியே மைனஸ் 15 நிற்கிற தை மாதத்துச் சனிக்கிழமை. இங்கே ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் பக்கத்து நகரமான மார்க்கத்திலும் கூழுக்கு வேண்டியது எல்லாமே கடையில் இருக்கிறது. பலாக்கொட்டை ஃபிரீசரில், மரவள்ளி ஃபிரீசரில், இறால் ஃபிரீசரில், கணவாய் ஃபிரீசரில். சிக்கலும் அதிலேதான்.

ஊரில் கூழ் காய்ச்சுகிறவர்கள் பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, எது வேக நேரம் எடுக்குமோ அதை முதலில், எது கெதியாக வேகுமோ அதைப் பிறகு என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவார்கள். தண்ணீருக்கென்று தனியாக ருசி சேர்க்கிற வேலை அங்கே கிடையாது, காலையில் கரைக்கு வந்த மீன் தலையும் நண்டும் அதைப் பார்த்துக்கொள்ளும். உறைந்த சரக்கு அதைச் செய்யாது. உறையும்போது சதைக்குள் இருக்கிற தண்ணீர் கூரான பனிக்கட்டியாகி நார்களைக் கிழிக்கிறது, பிறகு உருகும்போது ருசியில் ஒரு பங்கும் அந்தத் தண்ணீரோடு வெளியே ஓடிவிடுகிறது. அதை அப்படியே பானையில் போட்டுக் காய்ச்சினால் காரம் இருக்கும், புளி இருக்கும், கடல் இருக்காது. அதனால் நான் காய்ச்சியது இரண்டு பானையில். ஒன்றில் ஓடு, தலை, முள் எல்லாம் போட்டுச் சாறு, மற்றதில் அந்தச் சாற்றிலே கூழ். ஊரில் பழைய ஆட்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், குடித்த பிறகு கதைப்போம்.

எட்டுப் பேர் வயிறாரக் குடிக்க நான் எடுத்தது இவ்வளவு. ஒடியல் மா 250 கிராம், விளைமீன் தலை இரண்டு, அது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட வந்தது. தலையோடு இறால் 700 கிராம், கணவாய் 400 கிராம், ஒன்றேகால் இறாத்தல் சிங்க இறால் ஒன்று, மசல்ஸ் என்கிற மட்டி வகை 2 இறாத்தல் பை ஒன்று, நெத்தலிக் கருவாடு ஒரு பிடி. பயற்றங்காய் 250 கிராம், தோலுரித்து உறையவைத்த மரவள்ளிக்கிழங்கு 300 கிராம், பலாக்கொட்டை இருபது இருபத்தைந்து, முருங்கையிலை இரண்டு கை, சிவப்பரிசி ஒரு பிடி. அரைத்துப் போடுகிற கூட்டுக்குச் செத்தல் மிளகாய் 20, உள்ளி 6 பல், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, பழப்புளி பெரிய தேசிக்காய் அளவு.

மாவை வாங்கும்போது பக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று வாசியுங்கள். ஒடியல் மா என்பது பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்து இடித்தது. பக்கத்திலேயே அதே நிறப் பையில் புழுக்கொடியல் மாவும் இருக்கும், அது கிழங்கை அவித்துக் காயவைத்தது, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து சாப்பிட நல்லது, ஆனால் கூழில் போட்டால் பச்சை மா தருகிற அந்தப் பிடிப்பு வராது. திகதியையும் பாருங்கள், பழைய மாவில் ஒரு பூஞ்சண வாசம் இருக்கும், அது எத்தனை தண்ணீர் மாற்றினாலும் போகாது.

மீன் தலைக்குச் சீனக் கடைதான் என் இடம். சாமன் தலை மலிவாகக் குவிந்து கிடக்கும், வேண்டாம். அதன் கொழுப்பு வாசம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். விளைமீன், பாரை, சிவப்பு ஸ்னாப்பர் மாதிரி வெள்ளைச் சதை மீனின் தலை எடுங்கள். வெட்டுகிற ஆளிடம் இரண்டாகப் பிளந்து தரச் சொல்லி, வீட்டில் செவுளையும் முள்ளந்தண்டோடு ஒட்டியிருக்கிற கறுப்பு இரத்தத்தையும் சுரண்டி எடுத்துவிடுங்கள், சாறு கசப்பதும் கலங்குவதும் பெரும்பாலும் அந்த இரண்டாலும்தான்.

இறால் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. தலை இல்லாமல், ஓடு இல்லாமல், வால் மட்டும் விட்டு உரித்து விற்கிற பை கூழுக்கு உதவாது, நமக்கு வேண்டியதே அந்தத் தலையும் ஓடும். பையின் பின்பக்கம் சேர்பொருள் வரியில் இறாலும் உப்பும் மட்டும் இருந்தால் நல்லது. சோடியம் டிரைபாலிபாஸ்பேட் என்று இருந்தால் அதைத் திரும்ப வைத்துவிடுங்கள். அது இறாலைத் தண்ணீர் பிடிக்க வைக்கிற உப்பு, சமைத்தாலும் கண்ணாடி மாதிரி மினுங்கும், கடித்தால் றப்பர். உறைந்தும் பெரிதாகக் கெடாத ஒரே ஆள் கணவாய், சொல்லப்போனால் உறைந்து உருகினால் நார் கொஞ்சம் மெத்தென்று ஆகும், அதனால் அதற்கு மட்டும் நான் பச்சையைத் தேடுவதில்லை.

நண்டு நான் போடவில்லை. ஊரில் நீலக்கால் நண்டு இல்லாமல் கூழா என்று கேட்பார்கள், நியாயம்தான். ஆனால் இங்கே வெட்டி உறையவைத்து வருகிற நண்டில் கால்களுக்குள் பாதி தண்ணீர். நியூஃபவுண்ட்லாந்துப் பனி நண்டு இளவேனிலில்தான் பிடிபடுகிறது, குளிரில் கிடைப்பது ஏற்கெனவே உப்புத் தண்ணீரில் அவித்து உறையவைத்தது. அதைவிடச் சிங்க இறால் மேல். நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்குக் கரையில் அதைப் பிடிக்கிற பருவம் நவம்பர் கடைசித் திங்கட்கிழமை தொடங்கி மே 31 வரை, அதாவது குளிர்காலத்தில்தான் அது உயிரோடு இங்கே வந்து சேர்கிறது. கோடையில் ஓடு கழற்றியது குளிருக்குள் ஓடு இறுகி உள்ளே சதையும் நிறைந்து இருக்கும். ஒன்று போதும், அதன் ஓட்டுக்காகவும் தலைக்காகவும்தான் வாங்குவது, சதை உபரி.

மசல்ஸ் பிறின்ஸ் எட்வேர்ட் தீவில் கயிற்றில் வளர்த்தது. கயிற்றில் தொங்கி வளர்வதால் மண் குறைவு, இந்த ஊர்ச் சரக்கில் விலைக்குக் கிடைக்கிற அதிக ருசி அதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். யாழ்ப்பாணத்துக் கூழில் மட்டி போடுகிற வீடுகளும் உண்டு, அதனால் இது ஒன்றும் புதுப் பாஷன் இல்லை.

குளிர்காலத்துக்கே உரிய ஒரு விஷயம்: உயிரோடு வாங்கியதைக் காரில் விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகாதீர்கள். மைனஸ் 15-இல் நிற்கிற காரின் டிக்கி ஒரு ஃபிரீசர்தான், மசல்ஸ் வாய் திறந்து செத்துவிடும், சிங்க இறாலும் அப்படியே. நான் கடைசியாகச் சீனக் கடைக்குப் போய், இரண்டையும் ஈரக் கடதாசியில் சுற்றிப் பையின் வாயைக் கட்டாமல், முன் இருக்கைக்குக் கீழே ஹீட்டர் காற்று நேராகப் படாத இடத்தில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் மசல்ஸை ஒரு கிண்ணத்தில் கொட்டி ஈரத் துணியால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். தண்ணீரில் போட்டு வைக்கக் கூடாது, உப்பில்லாத தண்ணீர் அதைக் கொன்றுவிடும்.

உருகவைக்க, காய்ச்சுவதற்கு முதல் நாள் இரவே உறைந்த எல்லாவற்றையும் ஃபிரீசரில் இருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றினேன். வடிதட்டில் போட்டு, கீழே ஒரு பாத்திரம். உருகுகிற தண்ணீரிலேயே ஊறிக்கொண்டு கிடந்தால் இறால் சொதசொதவென்று ஆகிவிடும். காற்றில்லாமல் இறுக்கிப் பொதி செய்த மீன் என்றால் உருகவைக்க முதல் பொதியை வெட்டித் திறந்துவிடுங்கள், காற்றில்லாத இடத்தில் வளர்கிற பொட்டுலினம் கிருமிக்கு அந்தப் பொதி வசதியான வீடு, அதில் ஒரு வகை ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். காலையில் கணவாய் இன்னும் நடுவில் கட்டியாக இருந்தது. அதைப் பையோடு குழாய்த் தண்ணீரில் போட்டேன். ரொறன்ரோவின் குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியில் இருந்து வருவது, தையில் அதில் ஒரு நிமிடம் கை வைத்தால் விரல் விறைத்துவிடும். கோடையில் அரை மணியில் உருகுவது இப்போது ஒரு மணிக்கு மேல் எடுக்கும், ஆனால் பழுதாகிற பயம் இல்லை. சுடுதண்ணீர் விட்டு அவசரப்படுத்த வேண்டாம், வெளிப்பக்கம் வெந்து உள்ளே பனியாக நிற்கும்.

மாவையும் முதல் நாளே பார்க்க வேண்டும். 250 கிராம் மாவுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்கி வைத்தேன். முதலில் தும்பும் நுரையும் மேலே மிதக்கும், அதை அள்ளிவிடலாம். ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் மா அடியில் படியும், மேலே தேயிலைச் சாய நிறத்தில் தண்ணீர் தெளிந்து நிற்கும். அந்தத் தண்ணீரில்தான் கசப்பு இருக்கிறது. பானையை மெல்லச் சரித்து அதை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர், மூன்று தடவை இப்படி. கடைசித் தடவை இரவு முழுக்க ஃபிரிட்ஜில். காலையில் மேலே நிற்கிற தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்தேன், மெல்லிய கசப்பு ஒன்று இருந்தது, அது இருக்கலாம், அதுவும் இல்லாவிட்டால் சோளமாவுக் கூழ் குடிக்கிறது போலத்தான். ஊறவைக்காத மாவை நேரே பானையில் கொட்டுகிற யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள், கசப்பு மட்டுமல்ல, உடம்புக்கும் கூடாது.

இனி மணம். தொடர்மாடியில் குளிர்காலத்தில் மீன் சமைக்கிறவர்கள் எல்லாருக்கும் இருக்கிற தலையிடி. மீன் மணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் டிரைமெத்திலமைன். கடல் மீனின் சதையில் இயல்பாக மணமற்ற ஒரு பொருளாக இருப்பதை, மீன் செத்த பிறகு கிருமிகள் இதுவாக மாற்றுகின்றன. அது காரத்தன்மை உள்ளது, அமிலம் பட்டால் பறக்காத உப்பாகிவிடும். மீனைத் தேசிக்காய்ப் புளியிலும் மஞ்சளிலும் கழுவுகிற வழக்கம் வேலை செய்வதற்குக் காரணம் அதுதான். வெட்டுப் பலகையையும் கத்தியையும் வினாகிரி ஊற்றித் துடைத்த பிறகு சுடுதண்ணீர் காட்டினால் மணம் நிற்காது, முதலில் சுடுதண்ணீர் என்றால் குசினி முழுக்கப் பரவும்.

அப்புறம் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் அடுப்புக்கு மேலே இருக்கிற விசிறி காற்றை வெளியே தள்ளுகிற வகை இல்லை, வடிகட்டித் திரும்ப முகத்திலேயே ஊதுகிற வகை. ஜன்னலைத் திறந்தால் சரி என்று நினைப்போம். குளிர்காலத்தில் உயரமான கட்டடங்களில் சூடான காற்று மேலே ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் கீழ்த்தள வீடுகளுக்குள் வெளிக் காற்று ஜன்னலால் புகுந்து, கதவிடுக்கால் நடைபாதைக்குப் போய், அங்கிருந்து லிஃப்ட் குழிக்கு ஏறும். நாங்கள் மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் எங்கள் கூழ் மணம் நேரே அயல்வீட்டு வாசலுக்கு. அதனால் வாசல் கதவின் அடியில் ஈரமில்லாத ஒரு துவாயை இறுக்கிச் செருகி, குளியலறை விசிறியைப் போட்டு அந்தக் கதவைத் திறந்து விட்டு, அதன் பிறகுதான் குசினி ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி. குளியலறை விசிறி கட்டடத்துக்கு வெளியே போகிற குழாயில் பூட்டியது, மணம் அந்தப் பக்கம் இழுபடும். படுக்கையறைக் கதவும் ஜக்கெட் தொங்குகிற அலுமாரிக் கதவும் மூடியிருக்க வேண்டும், இதை மறக்கவே கூடாது, குளிர் ஜக்கெட்டில் ஏறிய மீன் மணம் வேலைக்குக் கூடவே வரும்.

சரி, முதல் பானை. சிங்க இறாலை அரை மணி ஃபிரீசரில் வைத்து விறைக்கவிட்டு, தனியாகக் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் ஆறு நிமிடம். முழுதாக வேக ஒன்பது பத்து நிமிடம் வேண்டும், ஆனால் சதை பிறகு கூழிலும் ஒரு சூடு காணும். சதையை எடுத்து வைத்துவிட்டு ஓட்டை உடைத்தேன். தலைக்குள் இருக்கிற பச்சைக் களி, அதாவது ஈரல், அதை வழித்து எறிந்துவிட்டேன். ருசியானதுதான், ஆனால் கடலில் இருக்கிற நஞ்சுகள் வந்து சேருகிற இடமும் அதுதான், பிள்ளைகள் சாப்பிடவே கூடாது, பெரியவர்கள் ஒரு நாளைக்கு ஒன்றின் ஈரலுக்கு மேல் கூடாது என்று கனடாச் சுகாதாரத் துறை சொல்கிறது. பிள்ளைகளும் குடிக்கப்போகிற கூழ்.

இறாலைத் தலை கழற்றி உரித்து, சதையில் மஞ்சள் தடவி ஃபிரிட்ஜில் வைத்தேன். தலைகளும் ஓடுகளும் சிங்க இறால் ஓடும் ஒன்றாக, இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில், நடுத்தர நெருப்பில், மூடி போட்டு இடையிடையே திறந்து கிளறினேன். மூடாமல் வதக்கினால் புகை எச்சரிக்கைக் கருவி கத்தும், அதன் பற்றறியைக் கழற்றுகிற வேலை வேண்டாம். ஐந்தாறு நிமிடத்தில் சாம்பல் நிற ஓடெல்லாம் செம்மஞ்சளாகும், அகப்பையின் பின்பக்கத்தால் தலைகளை நசுக்க நசுக்க உள்ளே இருந்து வருகிற சாறு எண்ணெயில் சேர்ந்து எண்ணெயே செம்மஞ்சளாகத் திரளும், பச்சை மணம் போய் ஒரு வறுத்த கச்சான் மணம் வரும். அந்த இடத்தில்தான் தண்ணீர் விட வேண்டும். ஓட்டில் இருக்கிற அஸ்டாசாந்தின் என்ற நிறமி எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. நேரே தண்ணீரில் அவித்தால் கூழுக்கு அந்த நிறம் கிடைக்காது.

மூன்றரை லீற்றர் தண்ணீர் விட்டு, மேலே வருகிற நுரையை அள்ளிக்கொண்டே, கொதி துள்ளாமல் இருபது நிமிடம். பிறகு மீன் தலைகளை மெல்ல இறக்கி இன்னும் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் வைக்கவில்லை, மீன் முள்ளை நெடுநேரம் காய்ச்சினால் சாறு மக்கிப்போய் ஒரு சுண்ணாம்பு ருசி வரும், ஆட்டெலும்பு இல்லையே. தலைகளைத் துளைக்கரண்டியால் எடுத்து ஆறவிட்டு, கன்னச் சதையையும் கண்ணைச் சுற்றியிருக்கிற பசையையும் கையால் உதிர்த்து வைத்தேன். முழுத் தலையாகக் கூழில் மிதந்தால்தான் அழகு என்று ஒரு கட்சி உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் முள் தேடுகிற வேலை வேண்டாம் என்பது என் கட்சி. மிச்சத்தைத் துணியில் வடித்தேன்.

வடித்த சாற்றை ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன், உப்புக்கூட இன்னும் போடவில்லை, ஆனாலும் இனிப்பும் கடலும் இருந்தது. மசல்ஸைத் தனியாக, தட்டினால் வாய் மூடாததை எறிந்துவிட்டு, அரைக் கோப்பைத் தண்ணீரில் மூடி வைத்து நாலு நிமிடம் ஆவியில் திறக்கவிட்டேன். வெந்தும் திறக்காததையும் எறிந்தேன். அதில் இறங்குகிற பால் நிறத் தண்ணீர்தான் பொக்கிஷம், துணியில் வடித்துச் சாற்றில் சேர்த்தபோது எல்லாமாக நாலு லீற்றருக்குக் கிட்ட வந்தது. நான் உப்புச் சாடியைத் தூக்க, மேசையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த மாமி, “தம்பி, இப்ப உப்புப் போடாதேங்கோ, மட்டித் தண்ணியிலயே கடல் உப்பு இருக்கு, கருவாடும் போடப் போறியள்” என்றார். அவர் சொன்னது சரி. கடைசியில் போட்டது ஒரு தேக்கரண்டி கூட இல்லை.

இரண்டாவது பானை அடி தடிப்பாக இருக்க வேண்டும், மா போட்ட பிறகு மெல்லிய அடி உடனே பிடிக்கும். சாறு கொதித்ததும் அரிசியும் பாதியாக வெட்டிய பலாக்கொட்டையும். கால் மணி கழித்து மரவள்ளி, மூடி போடாமல், மரவள்ளியை எப்போதும் திறந்துதான் அவிப்பது. அது கரண்டியால் அழுத்தினால் உடைகிற பக்குவம் வந்ததும் பயற்றங்காயும் தலை கிள்ளிச் சுடுதண்ணீரில் கழுவிய நெத்தலியும். பழப்புளி இதுவரைக்கும் பானைக்குள் போகக் கூடாது. புளி பட்டால் கிழங்கும் பயற்றங்காயும் வேக மறுக்கும், ஒரு மணித்தியாலம் வைத்தாலும் நடுவில் நறுக்கென்று நிற்கும்.

கூட்டு சுலபம். செத்தலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உள்ளி, மஞ்சளோடு பட்டுப்போல அரைத்தேன். சிலர் மிளகும் சீரகமும் வைப்பார்கள், எனக்கு அது இரசத்தின் பக்கம் இழுக்கிற மாதிரி இருக்கும், வைக்கவில்லை. பழப்புளிக் கரைசலில் இந்தக் கூட்டைக் கரைத்து, தண்ணீர் வடித்த ஒடியல் மாவையும் அதிலேயே போட்டுக் கட்டியில்லாமல் கரைத்தால் செங்கல் நிறத்தில் தோசைமாப் பதம்.

இங்கேதான் ஊர் ஒழுங்கை நான் மாற்றினேன். ஊரில் கடல் சாமான் எல்லாம் வெந்த பிறகு மா கடைசியில் போகும். மா வேகக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வாசம் அடிக்கும். காலையில் பிடித்த இறால் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைத் தாங்கலாம், உறைந்து உருகிய இறால் தாங்காது, சுருண்டு நார் நாராகிவிடும். அதனால் மாவை முதலில் விட்டேன். நெருப்பைக் குறைத்து, ஒரு கையால் மெல்லிய நூலாக ஊற்றிக்கொண்டு மறு கையால் அகப்பையை அடியோடு சேர்த்து ஓட்டிக்கொண்டே. இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், திடீரென்று அகப்பை கனக்கும், குமிழிகள் பெரிதாகி மெதுவாக வெடிக்கும். அந்த நேரம் முகத்தைப் பானைக்கு மேல் நீட்டாதீர்கள், தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பன்னிரண்டு நிமிடம் விடாமல் கிளறியதில் குசினி ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, கீழ் விளிம்பில் அது பனிக்கட்டியாக இறுகியது. பதம் நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் தண்ணியாக இருக்கும்போதே நிறுத்துங்கள், ஆற ஆற இறுகும்.

மா வெந்த பிறகு முருங்கையிலை, மேலால் கிள்ளி வைத்திருந்த மீன் சதை. கணவாயை வளையமாக வெட்டி வைத்திருந்தேன், அதற்கு இரண்டே வழி, இரண்டு நிமிடத்துக்கு மேல் கொதிக்கவிடக் கூடாது, இல்லை முக்கால் மணி வேகவிட வேண்டும், நடுவில் எங்கே நிறுத்தினாலும் றப்பர்தான். அதைப் போட்டு ஒரு கொதி, உடனே இறாலைப் போட்டு ஒரு கிளறல், நெருப்பு நிறுத்தம். மின்சாரச் சுருள் அடுப்பு அணைத்த பிறகும் நெடுநேரம் சூடாக இருக்கும், அதனால் பானையைப் பக்கத்துச் சுருளுக்கு மாற்றி, சிங்க இறால் சதையையும் ஓடு நீக்கிய மசல்ஸையும் சேர்த்து மூடினேன். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தபோது இறால் வளைந்து வெளிர்சிவப்பாக இருந்தது, ஒன்றை எடுத்துக் கடித்தேன், நறுக்கென்று உடைந்தது. அது போதும்.

பிலாவிலை கோலிக் குடிக்கிற சுகம் இங்கே இல்லை. கோப்பிக் குவளை நல்லது, கைக்கும் சூடு, மண்கோப்பை இன்னும் நல்லது. தேங்காய்ச் சொட்டு ஒரு தட்டில் நடுவில், அதைக் கடித்துக்கொண்டு குடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். மச்சான் இரண்டாம் குவளையில் நெற்றி வியர்த்துப் போய் ஸ்வெட்டரைக் கழற்றினார், பிள்ளைகளுக்குத் தனியாக எடுத்து வைத்த கூழில் நான் அரைக் கூட்டுத்தான் போட்டிருந்தேன், அதற்கும் தண்ணீர் கேட்டார்கள். மாமி சாறு வடிக்கிற விஷயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஓட்டை எறியாமல் வைத்திருக்கச் சொல்லி, அடுத்த தடவை அதில் சொதி வைக்கலாமா என்று கேட்டார்.

மிஞ்சியதை ஆறவைப்பதில்தான் குளிர் நம்மை ஏமாற்றும். வெளியே ஃபிரீசர் மாதிரிக் கிடக்கிறதே, பானையோடு பால்கனியில் வைத்தால் என்ன என்று தோன்றும். இவ்வளவு தடித்த கூழ் நடுவில் மணிக்கணக்காக இளஞ்சூட்டில் நிற்கும், கிருமிக்கு அதுதான் வேண்டும், அதோடு மத்தியானம் வெயில் பட்டால் பால்கனி மூலை பூச்சியத்துக்கு மேலே ஏறிவிடும். நான் செய்தது, சிங்க்கில் பால்கனிப் பனியை இரண்டு வாளி கொட்டி அதில் குழாய்த் தண்ணீர் விட்டுச் சேறு மாதிரி ஆக்கி, அதற்குள் பானையை இறக்கிக் கிளறினேன். பனியை மட்டும் சுற்றிக் குவித்தால் அதற்குள் இருக்கிற காற்று கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்துவைக்கும், தண்ணீர் சேர்ந்தால்தான் பானையோடு ஒட்டி இழுக்கும். கை வைக்கிற சூட்டுக்கு வந்ததும் தட்டைப் பெட்டிகளில் பிரித்து ஃபிரிட்ஜில். இரண்டு மணித்தியாலத்துக்குள் இது முடிந்துவிட வேண்டும்.

அடுத்த நாள் அது வெட்டி எடுக்கிற கட்டியாக இருந்தது. எடுத்து வைத்திருந்த சாற்றில் ஒரு கோப்பை விட்டு மெல்லச் சூடாக்கினால் திரும்பக் கூழாகும். ஃபிரீசரில் வைக்காதீர்கள், மா தண்ணீர் விட்டுப் பிரியும், கணவாயும் இறாலும் கடிக்க முடியாமல் போகும். ஓடுகளை ஒரு பையில் கட்டி ஃபிரீசரில் போட்டுவிட்டேன், ரொறன்ரோவில் சாப்பாட்டுக் கழிவுக்கான பச்சைத் தொட்டி ஓட்டையும் முள்ளையும் எடுக்கும், ஆனால் எடுக்கிற நாள் வரும்வரை குசினியில் வைத்திருந்தால் ஜன்னல், விசிறி, துவாய் எல்லாம் வீண். மாமி கேட்ட சொதிக்கு இரண்டாம் சாறு எடுக்க அந்த ஓட்டில் இன்னும் சத்து இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம், அதனால் அதற்கு அரை லீற்றர் முதல் சாற்றைத் தனியாக எடுத்து உறைய வைத்திருக்கிறேன், இடியப்பம் அவிக்கிற நாளில் பார்ப்போம்.